எவ்வளவு தாங்கும் என்று முதலில் சொல்

கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கி கிரீன் ஸ்ட்ரீட்டில் தெற்கே நடந்தால், குயீன்ஸ் மார்க்கெட்டையும் புடவைக் கடைகளையும் தாண்டியதும், பார்கிங் ரோடு சந்திப்பை ஒட்டிப் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. 1904 முதல் 2016 வரை அந்த இடத்தில் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் மைதானம் இருந்தது. கழகம் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டாலும் அதன் சட்டையை இந்தத் தெருப் பிள்ளைகள் இன்னும் விரும்பி அணிகிறார்கள், தமிழ்ப் பிள்ளைகளும்தான். சட்டையில் உள்ள சின்னத்தில் இரண்டு சுத்தியல்கள் குறுக்காக இருக்கும். அவை இரும்புத் தகடுகளை இணைக்க ரிவெட் அடிக்கும் சுத்தியல்கள். லீ ஆறு தேம்ஸில் கலக்கும் இடத்தில் இருந்த தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் கப்பல் பட்டறையில் 1895-இல் தொடங்கிய அணிதான் பின்னாளில் வெஸ்ட் ஹாம் ஆனது. பிரிட்டிஷ் கடற்படையின் புகழ்பெற்ற இரும்புக் கப்பலான வாரியர், 1860-இல் அந்தப் பட்டறையில்தான் நீரில் இறக்கப்பட்டது.

இந்த வட்டாரத்தில் வளரும் பிள்ளையைச் சுற்றிக் கட்டுமானப் பொறியியலின் வரலாறே விரிந்து கிடக்கிறது. தெற்கே சிறிது தூரம் நடந்தால் கிரீன்வே என்னும் உயர்ந்த நடைபாதை வரும். அதன் அடியில் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் கட்டிய வடக்குக் கழிவுநீர்ப் பெருவாய்க்கால் பெக்டனை நோக்கி ஓடுகிறது. மேற்கே ஏபி மில்ஸ் நீரேற்று நிலையம், அங்கிருந்து பெக்டன் வரை 6.9 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழத்தில் செல்லும் லீ சுரங்கம். வடக்கே ஃபாரஸ்ட் கேட்டிலும் மேனர் பார்க்கிலும் 2022-இல் திறந்த எலிசபெத் ரயில் பாதை. தெற்கே ஆற்றின் அடியில் 2025 ஏப்ரலில் திறந்த சில்வர்டவுன் சுரங்கச் சாலை. கேனிங் டவுனில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூலை இடிந்து கட்டட விதிகளையே மாற்றிய இடம். இத்தனை பக்கத்தில் இருந்தும், பெரும்பாலான பள்ளிகளில் இந்தத் துறை ஆண்டுக்கு ஒரு பிற்பகல் நிகழ்ச்சியாக வந்து போகிறது. ஸ்பகெட்டிக் குச்சியில் கோபுரம் கட்டுகிறார்கள், உயரமானதற்குப் பரிசு கொடுக்கிறார்கள், வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

செய்து பார்த்துக் கற்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுமானப் பொறியியல் உண்மையில் வருகிறதா, வரவேண்டுமானால் அந்தச் செய்முறை எப்படி இருக்கவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுவதால் மட்டும் அது வராது, கணக்குப் போடுவதால் மட்டும் வராது. சோதிப்பதற்கு முன்னால் “இது இவ்வளவு தாங்கும்” என்று ஓர் எண்ணைத் தாளில் எழுதிவைத்து, பிறகு உடைத்துப் பார்த்து, எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் தேடுகிற பிள்ளைக்கே அது வருகிறது. அந்த எண் இல்லாத செய்முறை கைவேலைப் பயிற்சி. நல்லதுதான், ஆனால் பொறியியல் அல்ல.

பள்ளி வயதுச் சிறுவர்களுக்கு இந்தத் தொழிலைக் கையில் கொடுத்துக் கற்பித்த பழைய முயற்சிகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1794-இல் அங்கே ஒரு நில அளவைப் பள்ளியை எட்டு மாணவர்களோடு தொடங்கியது. அதற்கு வழிவகுத்தவர் மைக்கேல் டாப்பிங். ஆதரவற்ற ராணுவப் பிள்ளைகளுக்கான ஆண்கள் காப்பகத்திலிருந்து சிறுவர்களை எடுத்து, அளவுச் சங்கிலியோடும் கருவிகளோடும் நிலத்துக்கு அனுப்பிப் பழக்கினார்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆனது. அதே காப்பகத்தில்தான் ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். அவர் 1797-இல் எழுதி வெளியிட்ட அறிக்கையால் ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. ஆனால் கம்பெனிக்கு வேண்டியிருந்தது குறைந்த கூலிக்கு நிலம் அளக்கும் ஆட்கள். எதிர்த்துக் கேட்க யாரும் இல்லாத பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்தியது. கையால் கற்பது ஏழைக்கு, புத்தகத்தால் கற்பது வசதி உள்ளவருக்கு என்ற பாகுபாடு அன்றே இந்தக் கல்வியில் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்திலும் தமிழ்நாட்டிலும் அது இன்னும் முழுதாக உதிரவில்லை.

இங்கிலாந்தின் நிலையைப் பார்ப்போம். 1988 கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து தேசியப் பாடத்திட்டம் வந்தபோது, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் 1990 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பாடமாயிற்று. அறுப்பது, இணைப்பது, வரைவது, சோதிப்பது எல்லாம் அதில் இருந்தன. 2004-இல் 14 வயதுக்கு மேல் அது விருப்பப் பாடமாக மாறியது. 2010-இல் பள்ளிகளை மதிப்பிட வந்த ‘இங்கிலிஷ் பாக்கலோரியட்’ பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பட்டியலில் இல்லாத பாடத்துக்கு எந்தத் தலைமை ஆசிரியர் பட்டறையும் பணமும் ஒதுக்குவார்? 2009-க்கும் 2020-க்கும் இடையில் இந்தப் பாடத்தை எடுத்தோரின் விகிதம் பாதியாகச் சரிந்ததாக எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிட்யூட் 2022-இல் கணக்கிட்டது. இந்தப் பாடத்தின் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்பவர்களும் அரசின் இலக்கைவிடப் பல ஆண்டுகளாகக் குறைவு. தரத்தில் பாடம் மோசமில்லை. 2017-இல் திருத்திய ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பாதி மதிப்பெண் பிள்ளை தானே வடிவமைத்துச் செய்யும் பணிக்குத்தான். இருக்கும் பாடம் நல்லது, எடுப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

விட்டுப்போன இடத்தை நிரப்பப் பல முயற்சிகள் நடக்கின்றன. 1818-இல் தோன்றிய சிவில் இன்ஜினியர்கள் நிறுவனம், பிள்ளைகள் தாங்களே பூட்டி மேலேறி நடக்கக்கூடிய பெரிய கம்பிவடப் பாலத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகிறது. ஸ்டெம் தூதர்கள் என்ற பெயரில் தொழிலில் உள்ளவர்கள் வகுப்புகளுக்கு வருகிறார்கள். பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கிரெஸ்ட் விருதில் வெண்கலத்துக்கு 10 மணி நேரம், வெள்ளிக்கு 30, தங்கத்துக்கு 70 என்று பிள்ளையின் சொந்த ஆய்வுக்கு நேரம் வகுத்திருக்கிறார்கள். நில அளவையாளரான அலிசன் வாட்சன் தொடங்கிய ‘டிசைன் இன்ஜினியர் கன்ஸ்ட்ரக்ட்’ பாடத்திட்டம், ஒரு கட்டடத்தைத் தொடக்கத்திலிருந்து இறுதிவரை பிள்ளைகளே திட்டமிடச் சொல்கிறது. 2020 செப்டம்பரில் முதலில் வந்த மூன்று டி லெவல் படிப்புகளில் கட்டுமான வடிவமைப்பும் ஒன்று. அப்டன் பார்க் அடங்கிய நியூஹாம் பகுதியிலேயே, ராயல் டாக்ஸ் ஓரத்தில், லண்டன் டிசைன் அண்ட் இன்ஜினியரிங் யு.டி.சி. என்ற தொழில்நுட்பப் பள்ளி 2016-இல் திறந்தது. இல்ஃபோர்டுப் பக்கம் எலிசபெத் பாதையைக் கட்டிய கிராஸ்ரெயில் திட்டத்துக்காக 2011-இல் சுரங்கப் பயிற்சிக்கூடம் ஒன்று வந்தது. இவற்றில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவை தேடிப் போகிறவருக்குக் கிடைப்பவை. எல்லாப் பிள்ளைக்கும் வாரந்தோறும் கிடைப்பது வகுப்பறை ஒன்றுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இந்தப் பகுதியை ஆர்வலர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தவறு. லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் 2009 முதல் நடந்த ‘ஆஸ்பயர்ஸ்’ ஆய்வு, 10 வயதிலிருந்து பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுவந்தது. பெரும்பாலோர் அறிவியல் வகுப்பு பிடித்திருக்கிறது என்றார்கள். விஞ்ஞானி ஆக விரும்புவதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. பிடித்திருப்பதும் ‘இது எனக்கானது’ என்று நினைப்பதும் வேறு வேறு. வீட்டில் அந்தத் துறையைப் பற்றிப் பேச்சு உண்டா, அதில் வேலை செய்கிறவர் யாரையாவது தெரியுமா என்பவை ஆர்வத்தைவிட அதிகம் கணக்கில் வந்தன. ஒரு நாள் வியப்பூட்டும் நிகழ்ச்சியால் இந்த இடைவெளி அடைபடுவதில்லை.

இன்னும் கசப்பான ஒரு முடிவும் உண்டு. எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் 2016-இல் வெளியிட்ட ஒரு மதிப்பீடு, 7-ஆம் ஆண்டு வகுப்பில் செயல்திட்ட வழிக் கற்றலைப் புகுத்திய பள்ளிகளை மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டது. எழுத்தறிவிலும் ஈடுபாட்டிலும் தெளிவான பயன் தென்படவில்லை. இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் எழுத்தறிவு பின்னடைந்திருக்கக்கூடும் என்றும் அது எச்சரித்தது. நடுவில் பல பள்ளிகள் விலகியதால் அந்த முடிவை உறுதியானதாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நியூஹாம் போன்ற, வறுமை கூடிய பகுதியில் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. கல்வி ஆய்வாளர்கள் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரையின் வாதமும் இதோடு சேர்கிறது: அடிப்படை தெரியாத பிள்ளையிடம் ‘நீயே கண்டுபிடி’ என்று சொல்வது அதன் நினைவாற்றலுக்குத் தாங்க முடியாத சுமை. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும் பிள்ளை சமாளித்துவிடும், ஆள் இல்லாத பிள்ளை பசையும் அட்டையுமாகத் திகைத்து நிற்கும்.

இந்த ஆய்வுகளைக் காட்டிச் செய்முறையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. வழிகாட்டல் இல்லாத செய்முறை வேண்டாம் என்பதே அவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ராயல் அகாடமி ஆஃப் இன்ஜினியரிங் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, பொறியாளரின் மனப்பழக்கங்கள் ஆறு என்றது. சிக்கலைக் கண்டுபிடிப்பது, முழு அமைப்பாகப் பார்ப்பது, மனக்கண்ணில் காண்பது, திரும்பத் திரும்ப மேம்படுத்துவது ஆகியவை அவற்றில் அடங்கும். பழக்கம் ஒரு பிற்பகலில் வராது. அதற்கு வாரங்கள் வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வேண்டும், தவறினால் மறுபடி செய்ய நேரம் வேண்டும்.

அந்த ஸ்பகெட்டியையே எடுத்துக்கொள்வோம். கோபுரம் கட்டச் சொல்லவேண்டாம். 20 சென்டிமீட்டர் நீளக் குச்சி ஒன்றைச் சமையலறைத் தராசின்மேல் நிமிர்த்தி, உச்சியில் விரலால் மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். சில பத்து கிராமிலேயே அது வில்லாக வளையும். இப்போது 10 சென்டிமீட்டர் குச்சி. அழுத்தும் முன் கேளுங்கள்: இது எவ்வளவு தாங்கும்? நீளம் பாதி, ஆகவே தாங்குவது இரண்டு மடங்கு என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். தராசு ஏறக்குறைய நான்கு மடங்கு காட்டும். அந்த இடத்தில் ஆசிரியர், 18-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஆய்லர் எழுதிய விதியைக் கரும்பலகையில் போட்டால் அது மனத்தில் இறங்கும். நீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் தூணின் தாங்குதிறன் குறைகிறது. ஐந்தாறு நீளங்களில் அளந்து வரைபடம் போட்டால் கணித வகுப்பின் வளைவு கைக்குள் வந்துவிடும். 1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவின் கியூபெக் பாலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அழுத்தத்தைத் தாங்கவேண்டிய கீழ் உறுப்புகள் வளைந்து நெளிந்ததுதான் காரணம் என்பதைப் பிறகு சொன்னால், பிள்ளைக்கு அது தான் கண்ட ஒன்று.

அடுத்தது கான்கிரீட். சிமெண்டும் மணலும் குழைத்து, ஒரு சாண் நீளச் சிறிய உத்தரங்கள் மூன்று வார்க்கலாம். ஒன்றில் கம்பி இல்லை. ஒன்றில் மெல்லிய கம்பி அடிப்பக்கம். ஒன்றில் அதே கம்பி மேல்பக்கம். ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் நீராட்டி, இரண்டு முனையையும் தாங்கி, நடுவில் வாளி தொங்கவிட்டு மணல் கொட்டிக்கொண்டே போனால், கம்பி இல்லாததும் கம்பியை மேலே வைத்ததும் ஏறத்தாழ ஒரே எடையில் விரிசல் விடும். கீழே கம்பி வைத்தது விரிசல் விட்டபிறகும் நிற்கும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது என்ற பாடப்புத்தக வரிக்கு அப்போது பொருள் பிறக்கிறது. தாங்கும் விதத்தை மாற்றி, ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனையில் வாளியைத் தொங்கவிட்டால், கம்பி மேலே இருப்பதுதான் தாங்கும். ஊரில் சன்ஷேடும் பால்கனியும் வார்க்கும்போது நல்ல கொத்தனார் மேல்கம்பியை யாரும் மிதித்துக் கீழே இறக்கிவிடாதபடி பார்த்துக்கொள்வார். மிதிபட்டு இறங்கிய கம்பியால் பால்கனி ஒடிந்து விழுவது நம் ஊர்களில் கேள்விப்படாத செய்தி அல்ல. கொத்தனாருக்குக் கையனுபவத்தில் தெரிந்த விஷயமும் பொறியாளர் கணக்கில் நிறுவும் விஷயமும் ஒன்றே என்பதை 13 வயதில் ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு அது எந்தக் கையையும் இழிவாக நினைக்காது என்று நம்புகிறேன்.

மூன்றாவது செய்முறைக்கு அப்டன் பார்க் பிள்ளைகளுக்கு மற்ற யாருக்கும் இல்லாத உரிமை உண்டு. கேனிங் டவுனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடம் 1968 மார்ச்சில் குடியேறத் திறக்கப்பட்டது. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. தனித் தூண்களோ சட்டகமோ கிடையாது, சுவரே தாங்கியது. மே 16 விடியற்காலையில் 18-ஆம் மாடியின் மூலை வீட்டில் எரிவாயு கசிந்து வெடித்தது. வெடிப்பு பெரியதல்ல. ஆனால் அது வெளிச்சுவர்ப் பலகையைத் தள்ளிவிட்டது. அந்தச் சுவரின்மேல் நின்ற மேல்மாடிகள் ஆதாரம் இழந்து சரிந்தன, சரிந்த எடை கீழ்மாடிகளின் மூலைகளையும் உடைத்துக்கொண்டு தரைவரை போனது. நான்கு பேர் இறந்தார்கள். ஒரு வீட்டில் நடந்த சிறு விபத்து ஏன் ஒரு மூலை முழுவதையும் கொண்டுபோகவேண்டும் என்ற கேள்வி அதிலிருந்துதான் எழுந்தது. 1970-இல் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. ஓர் உறுப்பு போனாலும் மற்றவை நிற்கும்படி மாடிகளை ஒன்றோடொன்று பிணைக்கவேண்டும், அல்லது முக்கிய உறுப்பு சதுர மீட்டருக்கு 34 கிலோநியூட்டன் அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்றது விதி. உலகின் பல நாடுகள் இதைப் பின்பற்றின. செப்பனிட்ட கட்டடத்தை 1980-களில் பலகை பலகையாகப் பிரித்தபோது, சாந்து நிரம்பியிருக்கவேண்டிய இணைப்புகள் சரியாக நிரப்பப்படாமலும் செய்தித்தாள் திணிக்கப்பட்டும் இருந்தது தெரியவந்தது. விதியும் கணக்கும் எப்படி இருந்தாலும், சாந்து பூசிய கை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் பயன் இல்லை.

இதை வகுப்பில் அட்டையால் கட்டலாம். எட்டு மாடி, ஒட்டாமல் அடுக்கிய பலகைகள். ஆறாம் மாடியின் மூலைச் சுவரை உருவினால் எத்தனை மாடி போகும் என்று முதலில் எழுதிவைக்கவேண்டும். பிறகு உருவவேண்டும். அடுத்த முறை தளங்களை நூலால் கட்டிப் பிணைத்து, மறுபடி எழுதி, மறுபடி உருவவேண்டும். நூலின் விலை ஒன்றுமில்லை, ஆனால் விழும் மாடிகளின் எண்ணிக்கை மாறிவிடும். கட்டடத்தின் உயரத்துக்குப் பரிசு கொடுக்கும் போட்டியில் இந்தப் பாடம் வராது. அங்கே விழுவது தோல்வி. இங்கே எங்கே, எந்த வரிசையில், ஏன் விழுந்தது என்பதே பாடம். இறந்தவர்களின் உறவினர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், வேடிக்கையாக அல்லாமல் மரியாதையோடு இதைச் செய்யவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியே தொடங்கவேண்டும்.

கட்டுமானப் பொறியியல் என்றாலே பாலமும் கோபுரமும்தான் என்ற எண்ணத்தை வளர்ப்பது செய்முறைப் போட்டிகளின் இன்னொரு குறை. மக்களைக் காப்பாற்றியதில் பாலத்தைவிடச் சாக்கடைக்குப் பங்கு அதிகம். 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் பாராளுமன்றத்தையே திணறடித்தபிறகு, பேசல்ஜெட் 132 கிலோமீட்டர் முதன்மை வாய்க்கால்களைக் கட்டத் தொடங்கினார். கழிவுநீர் தானாக ஓட மைலுக்கு இரண்டு அடி சரிவு போதும் என்பது அவர் கணக்கு. அதாவது 10 மீட்டருக்கு 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. பள்ளி மைதானத்தில் இதைச் செய்துபார்க்கச் சொல்லலாம். நம் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல், அதாவது நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், இரண்டு முளைகள், ஓர் அளவுகோல் போதும். பிள்ளைகள் அளந்தால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு விடை வரும், வித்தியாசம் அளக்கவேண்டிய 4 மில்லிமீட்டரைவிடக் கூடுதலாகவே இருக்கும். குழாயில் நின்ற காற்றுக் குமிழி, சாய்வாகப் பார்த்த கண், அசைந்த முளை என்று ஒவ்வொன்றாகப் பிழை வெளிவரும். முனைகளை மாற்றிப் பிடித்து மறுபடி அளந்து சராசரி எடுக்கக் கற்றுக்கொள்வார்கள். அதன்பின் கிரீன்வே மேல் நடந்தால், காலடியில் ஓடுவதைக் கட்டியவர்களின் துல்லியம் உறைக்கும். அந்த வாய்க்கால் ஏன் போதாமல் போய் லீ சுரங்கத்தையும், 2025-இல் முழுதாக இணைந்த 25 கிலோமீட்டர் டைட்வே சுரங்கத்தையும் தோண்டவேண்டி வந்தது என்பது அடுத்த கேள்வி. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போவதும், நகரம் பெருகியதும், மண்ணை மூடிக் கல்பாவியதும் காரணங்கள். ஒரு தட்டில் மண்ணும் இன்னொன்றில் ஓடும் வைத்து ஒரே அளவு நீரூற்றி, வழிந்தோடும் நேரத்தை அளந்தால் கடைசிக் காரணம் விளங்கிவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான பாடம் காவிரியில் இருக்கிறது. கல்லணையின் பழைய அடித்தளம் மணலில் இறங்கிய கற்களால் ஆனது. ஓடும் நீர் மணலை அரிக்க, கல் இறங்க, மேலே மேலே போட்டுக்கொண்டே வந்தார்கள். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. ஒரு தகரத் தட்டில் மணல் பரப்பி, நடுவில் கல் வைத்து, நீர் விட்டால் கல்லைச் சுற்றிப் பள்ளம் விழுவதை எந்தக் கிராமப் பள்ளியிலும் பார்க்கலாம். 2022 நவம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் 6 முதல் 8 வரை வகுப்புகளுக்குச் செய்முறை அறிவியலைக் கொண்டுபோகிறது. இத்தகைய சோதனைகளுக்கு அது நல்ல வாசல். 2016-இல் வந்த இந்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்குப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய்வரை கிடைக்கிறது. அங்கே ரோபோவுக்கும் முப்பரிமாண அச்சுப்பொறிக்கும் உள்ள இடம் மண்ணுக்கும் நீருக்கும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் கட்டுமானப் பொறியியல் அடிப்படைகள் ஒரு பாடமாகவே உண்டு. ஆனால் அந்தப் பிரிவுக்கு யார் போகிறார்கள் என்று பார்த்தால் 1794-இன் பாகுபாடு அப்படியே தெரியும். இலங்கையில் 2013 முதல் உயர்தர (ஏ லெவல்) படிப்பில் தொழினுட்பப் பிரிவு வந்து, பொறியியல் தொழினுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு வழிதிறக்கும் பாடமாகிவிட்டது. கைவேலையோடு கூடிய பாடத்துக்குப் பட்டப் படிப்பின் கதவைத் திறந்துவைத்த அந்த ஏற்பாட்டை நாம் கவனிக்கவேண்டும்.

தமிழ்ப் பெற்றோரைப் பற்றி நேராகவே பேசவேண்டும். இஞ்சினியர் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் தனி மதிப்பு. ஆனால் பிள்ளை சாந்து குழைத்த கையோடு வந்தால் முகம் சுருங்குகிறது. கரணை பிடிப்பவரும் கம்பி கட்டுபவரும் ஒரு சாதி, ஒரு வகுப்பு என்றும், வரைபடம் போடுபவர் வேறு என்றும் பிரித்துவைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள் நாம். கடல் தாண்டியும் அதைக் கொண்டுவந்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் பிள்ளையைக் கணக்கு டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர், அந்தக் கணக்கு எதற்கு என்று காட்டும் பட்டறைக்கும் அனுப்பவேண்டும். கைவேலைப் பழக்கம் இல்லாமல் பல்கலைக்கழகம்வரை வந்துவிட்டவர்களுக்காகத்தான் லண்டன் இம்பீரியல் கல்லூரி 2000-களின் தொடக்கத்தில் ‘கன்ஸ்ட்ரக்ஷனேரியம்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்க வேண்டியிருந்தது. நார்ஃபோக்கில் ஒரு வாரம் தங்கி, பெயர்பெற்ற கட்டுமானங்களின் சிறிய வடிவங்களை மாணவர்களே கட்டுகிறார்கள். 20 வயதில் தருவதை 12 வயதில் ஏன் தரக்கூடாது?

செலவு பெரிதல்ல. மேலே சொன்ன சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு மூட்டை சிமெண்டு, மணல், கம்பி, அட்டை, நூல், குழாய், தராசு. கிடைக்காதது நேரமும் ஆசிரியரும்தான். கிரெஸ்ட் வெள்ளி விருதின் 30 மணி நேரத்தை ஒரு பருவத்தின் வாரங்களில் பங்கிட்டால், ஒரே கேள்வியை ஆழமாகத் தொடரலாம். இயற்பியல், கணிதம், தொழில்நுட்பம் என மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமாகாது. மதிப்பெண் எதற்கு என்பதையும் மாற்றவேண்டும். உயரத்துக்கும் அழகுக்கும் அல்ல. முன்கூட்டி எழுதிய எண்ணுக்கும், உடைந்தபின் எழுதிய விளக்கத்துக்கும், இரண்டாம் முறை செய்ததில் கண்ட முன்னேற்றத்துக்கும் கொடுக்கவேண்டும்.

ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அப்டன் பார்க், ஈஸ்ட் ஹாம் தெருக்களின் பழைய வரிசை வீடுகளில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரை எடுத்து இரும்பு உத்தரம் போடும் வேலை எப்போதும் எங்காவது நடக்கிறது. செய்பவர்களில் தமிழ் பில்டர்கள் பலர். சுமைதாங்கும் சுவரை எடுப்பதாக இருந்தால் உத்தரத்துக்கான கணக்கைக் கட்டட ஒழுங்குமுறை அலுவலகத்தில் காட்டவேண்டும். வீட்டின் தளத்தில் ஆட்களுக்கும் சாமான்களுக்குமாகச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ, என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவார்கள். மேலே உள்ள அறையின் நீளஅகலத்தை அளந்து, அதில் எந்தப் பாதி இந்த உத்தரத்தின்மேல் இறங்குகிறது என்று பிரித்து, தளத்தின் சொந்த எடையையும் மேல்சுவரையும் சேர்த்து, மொத்தச் சுமையைக் கண்டுபிடிக்க 9-ஆம் ஆண்டு வகுப்புக் கணிதமே போதும். ஒரு பில்டர் அண்ணனையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் ஒரே நாளில் வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளைத் தங்கள் வீட்டு அறையின் அளவோடு வரச்சொல்லலாம். முதலில் பிள்ளைகள் சுமையைச் சொல்லட்டும். பிறகு பில்டர் தன் அனுபவத்தில் எந்த அளவு உத்தரம் போடுவார் என்று சொல்லட்டும். கடைசியில் பொறியாளர் கணக்கைப் போட்டுக்காட்டட்டும். மூன்று விடையும் எங்கே சேர்கின்றன, எங்கே விலகுகின்றன என்று அதே மேசையில் பேசிப் பார்க்கலாம்.